ஃபேன் ஓடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அணைகிறது: சத்துவாச்சாரி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் சத்துவாச்சாரியில் ஹவுசிங் போர்டு தாண்டி, மலையை ஒட்டிப் போகும் தெருவில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே வாடகைக் குடித்தனம். அம்மா வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் (டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் செய்யும்) வேலை பார்க்கிறார். மாலை 6.30 முதல் இரவு 11 வரை ஷிப்ட். மகன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. பகலிலும் விடுமுறை நாளிலும் கம்ப்யூட்டர் அவன் கையில், மாலையானால் அம்மாவுக்கு.

பிப்ரவரியில் ஊருக்குள் ஒரு கடையில் 61,500 ரூபாய்க்கு அசெம்பிள் செய்து வாங்கியது. ஆறு கோர் ப்ராசஸர், 16 ஜிபி ரேம், நடுத்தர கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). அந்த எஸ்எம்பிஎஸ் ஆக்டிவ் பிஎஃப்சி வகை (லைன் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் உள்ளே சீராக வைத்துக்கொள்ளும் சுற்று உள்ளது), லேபிளில் இன்புட் 100–240 வோல்ட் என்று இருந்தது. இந்த வரி பின்னால் முக்கியமாகிறது.

வீட்டில் ஆறு வருடப் பழைய 900 விஏ ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் (லைன் கரண்டின் வளைவான சைன் அலைக்குப் பதில் சதுர அலை தருவது), 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி. ஃபேன், லைட், வைஃபை ரவுட்டர், கம்ப்யூட்டர் பிளக் எல்லாம் இன்வெர்ட்டர் லைனில். ஏசி மட்டும் நேர் லைன். கம்ப்யூட்டருக்கென்று தனி யூபிஎஸ் வாங்கவில்லை. "இன்வெர்ட்டர் இருக்குதே, எதுக்கு?" என்று கடையிலேயே சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலும் அதுவே நியாயமாகப் பட்டது.

மார்ச்: "கேம் ஆடினாதான் போவுது"

மார்ச் மூன்றாவது வாரம் முதல் புகார். ஐந்து பேர் அணியாக ஆடும் ஆன்லைன் துப்பாக்கி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்து தானே மறுபடி கிளம்புகிறது. விண்டோஸ் நொறுங்கினால் வரும் நீலத்திரை வரவில்லை, எச்சரிக்கை இல்லை. ஆட்டத்தின் நடுவே காணாமல் போனதால் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் தண்டனை, அணியில் இருந்த நண்பர்களிடம் திட்டு. வேறொரு கதை ஆட்டத்தில் சேவ் ஆகிக்கொண்டிருந்த வினாடியில் அணைந்ததால் சேவ் ஃபைல் 0 பைட் ஆனது. மறுபடி ஆன் ஆனதும் அந்த வெற்று ஃபைலே கிளவுடிலும் ஏறி, அங்கிருந்த நல்ல பிரதியையும் அழித்துவிட்டது.

அதே கம்ப்யூட்டரில் அம்மாவின் வேலை மட்டும் ஒரு தடையும் இல்லாமல் ஓடியது. வீட்டில் வந்த முடிவு எளிது: மிஷின் நன்றாக இருக்கிறது, விளையாட்டுதான் அதைக் கெடுக்கிறது. கடையில் வந்த முடிவும் ஏறக்குறைய அதேதான். கேம் ஆடினால் மட்டும் போகிறது என்றால் கிராபிக்ஸ் கார்டு, சூடு, எஸ்எம்பிஎஸ் என்ற வரிசையில் சந்தேகப்படுவது கடைக்காரர்களின் வழக்கம், தப்பான வழக்கமும் அல்ல.

சூட்டைத்தான் முதலில் பார்த்தார்கள். வேலூரில் மார்ச் கடைசியில் எதற்கும் வெயில்தான் முதல் குற்றவாளி. அரை மணி நேரம் ஆட்டம் ஓடியபின் ப்ராசஸர் 78 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 74 டிகிரி. இரண்டும் அபாய எல்லைக்கு நன்றாகக் கீழே. தவிர, ஆன் செய்து பத்தே நிமிடத்தில், மிஷின் சூடேறும் முன்பே அணைந்த நாட்களும் உண்டு. சூடு இல்லை என்று அங்கேயே தீர்ந்தது.

கடையில் இரண்டு நாள் வைத்து சுமை ஏற்றி ஓட்டினார்கள். ஒரு முறைகூட அணையவில்லை. ஆச்சரியமில்லை. கடையின் சர்வீஸ் மேசை, ஒரு கணமும் விடாமல் சீரான கரண்டு தரும் ஆன்லைன் யூபிஎஸ்ஸில் ஓடுகிறது, சோதித்தது பகலில். ரேம் கழற்றித் துடைத்துப் போட்டு, விண்டோஸ் புதிதாக ஏற்றி, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மறுபடி அதே கதை.

ஏப்ரல்: பாகம் மாறியது, கோளாறும் மாறியது

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது எஸ்எம்பிஎஸ் மாற்றப்பட்டது. மூன்று வருட வாரண்டியில் இருந்த பாகம். கம்பெனிக்கு அனுப்பி வர மூன்று வாரம் ஆகும், அம்மாவுக்கு வேலை நிற்கக்கூடாது என்பதால், கையில் இருந்த வேறொன்றை 2,650 ரூபாய்க்குப் போட்டுக்கொண்டார்கள். பழையது கடையிலேயே நின்றுவிட்டது. ஜாப் கார்டு எதுவும் எழுதவில்லை.

புதிய எஸ்எம்பிஎஸ்ஸின் அட்டையில் 450 வாட். பிஎஃப்சி இல்லாத மலிவு வகை. லேபிளில் இன்புட் 200–240 வோல்ட்.

இதற்குப்பின் புகாரின் குணமே மாறியது. முன்பு ஆட்டத்தில் மட்டும், அதுவும் வாரத்தில் நாலைந்து முறை. இப்போது மாலையில் அம்மா வேலை செய்யும்போதும், ஒரு ஷிப்டில் இரண்டு மூன்று முறை அணைந்தது. ஒவ்வொரு முறையும் கம்பெனி சர்வரில் மறுபடி நுழைந்து, பாதியில் நின்ற ஃபைலை மேற்பார்வையாளரிடம் சொல்லித் திறக்க வேண்டும். இரண்டு முறைக்கு மேல் துண்டித்தால் விளக்க மெயில் எழுத வேண்டும். ஏப்ரலில் ஏழு விளக்க மெயில்.

பாகத்தை மாற்றியபின் கோளாறு போகவில்லை என்றால் பாகம் காரணமில்லை. கோளாறின் குணம் மாறிவிட்டது என்றால், மாற்றிய இடம் காரணச் சங்கிலியில் இருக்கிறது, ஆனால் சங்கிலியின் தொடக்கம் வேறெங்கோ இருக்கிறது. இந்த வேறுபாட்டை அப்போது யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது கடை மறுத்துவிட்டது. மிஷினில் பழுதில்லை, உங்கள் வீட்டுக் கரண்டில்தான் கோளாறு, அது வாரண்டியில் வராது என்றார்கள். சொன்ன தொனி சரியில்லை. சொன்ன விஷயம் சரி.

மே முதல் வாரம்: ஒரு நோட்டும் ஒரு பதிவேடும்

வீட்டுக்கு வந்து பார்த்த டெக்னீஷியன் எதையும் கழற்றவில்லை. முதலில் அம்மாவிடம் கேட்டது, அணையும்போது கரண்டு போகிறதா என்பது.

"கரண்டு போகவே இல்ல தம்பி. ஃபேனு ஓடிக்கினேதான் இருந்துச்சு, இது மட்டும் நின்னுபோச்சு. நெட்டு பெட்டியில லைட்டு கூட அப்டியே எரியுது."

எல்லோரையும் வழி தப்ப வைத்த சாட்சியம் இதுதான். பொய் இல்லை, பார்த்தது அத்தனையும் உண்மை. ஆனால் சீலிங் ஃபேன் கரண்டு அரை வினாடி போனாலும் சுழன்ற வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அடாப்டர் 100–240 வோல்ட் வாங்கும், இழுப்பதோ பத்து வாட்டுக்குள். அதற்குள் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கண்டன்சரே அந்தக் கணத்தைத் தாண்டிவிடும். ரவுட்டர் எரிவதால் கரண்டில் குறையில்லை என்று சொல்ல முடியாது.

கம்ப்யூட்டரின் சொந்தப் பதிவேடு அடுத்தது. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் ஃபில்டர் கரன்ட் லாக் என்பதில் 41, 6008 என்ற இரு எண்களை மட்டும் போட்டால், முறையாக ஷட் டவுன் ஆகாமல் அணைந்த ஒவ்வொரு தடவையும் வரிசையாக வரும். 41 என்பது கெர்னல் பவர் பதிவு. அதைத் திறந்து டீட்டெயில்ஸ் தாவலில் பக்செக் கோட் என்ற வரியைப் பார்க்க வேண்டும். அங்கே ஏதாவது எண் இருந்தால் விண்டோஸ் தானே நொறுங்கியது, டிரைவர், ரேம் பக்கம் தேடலாம். 0 என்றிருந்தால் விண்டோஸுக்கு எதையும் எழுத நேரமே கிடைக்கவில்லை. பெரும்பாலும் காலடியில் இருந்த மின்சாரம் உருவப்பட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: 41 பதிவாவது மறுபடி ஆன் ஆகும்போது. ஆகவே அதன் நேரம் அணைந்த நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். 6008க்குள் எழுதியிருக்கும் நேரம்தான் அணைந்ததற்கு நெருக்கமானது.

ஒன்பது நாள் பதிவில் 23 தடவை. எல்லாவற்றிலும் பக்செக் கோட் 0. 23இல் 17 மாலை 6.40க்கும் இரவு 10.15க்கும் இடையில்.

இதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மேசையில் நூலால் கட்டி வைக்கச் சொன்னார். அணைந்தவுடன் நேரம், லைட் சிமிட்டியதா, இன்வெர்ட்டரில் 'டக்' சத்தம் வந்ததா, பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிறதா, என்ன வேலை நடந்தது. ஐந்து கட்டம், ஒரு வரி. ஒரு வாரத்தில் 14 வரி சேர்ந்தது. அதில் 5 இடத்தில் 'டக்' சத்தம். 6 இடத்தில் சத்தம் இல்லை, ஆனால் ட்யூப்லைட் ஒரு கணம் மங்கியது. அந்த ஆறில் நான்கு முறை பக்கத்து வீட்டு போர் மோட்டார் போட்ட நேரம். மீதி மூன்றில் யாரும் அறையில் இல்லை.

அளந்து பார்த்தபோது

மின்வாரியத்தின் பெயரளவு 230 வோல்ட். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் நிலையில் வைத்து, கம்ப்யூட்டர் பிளக்கில் பார்த்தபோது பகல் 11 மணிக்கு 224. இரவு 8 மணிக்கு 172. பக்கத்து மோட்டார் கிளம்பிய கணத்தில் 150க்கும் கீழே இறங்கி ஏறியது.

200 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்வேன் என்று வாக்கே கொடுக்காத எஸ்எம்பிஎஸ், மாலை முழுக்க 172இல் ஓடிக்கொண்டிருந்தது. பிஎஃப்சி இல்லாத வகையில் உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர் லைன் வோல்டேஜுக்கு ஏற்பத்தான் நிரம்பும். அதில் தேங்கும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றது. 230க்குப் பதில் 172 என்றால் தேக்கம் பாதிக்குச் சற்று மேல்தான். மோட்டார் கிளம்பும் அரை வினாடிச் சரிவைத் தாண்ட அதற்குத் தெம்பில்லை. அம்மாவின் வேலையும் நின்றதன் காரணம் இது. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள பழைய எஸ்எம்பிஎஸ் அப்படியல்ல. லைனில் என்ன வந்தாலும் தன் கண்டன்சரை ஏறக்குறைய 380 வோல்ட்டில் நிறுத்தி வைத்துக்கொள்ளும். ஏப்ரலுக்கு முன் மாலை வேலை தடையில்லாமல் ஓடியது அதனால்தான்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு மார்ச்சில் ஆட்டம் மட்டும் ஏன் நின்றது? விடை இன்வெர்ட்டரின் முதுகில் இருந்தது. வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் யூபிஎஸ், நார்மல் என்று இரு நிலை கொண்ட சிறு சுவிட்ச் இருக்கும், சில மாடல்களில் நார்மலுக்குப் பதில் ஈகோ. நார்மல் நிலையில் சுமார் 100 முதல் 290 வோல்ட் வரை வருவதை அப்படியே உள்ளே விடும். கரண்டு போனால் பேட்டரிக்கு மாற 40 மில்லி செகண்ட் வரை ஆகும். யூபிஎஸ் நிலையில் 180–260 வோல்ட்டுக்கு வெளியே போனாலே பேட்டரிக்குத் தாவும், தாவ 10 முதல் 15 மில்லி செகண்ட். இந்த வீட்டில் சுவிட்ச் நார்மலில் இருந்தது. ஆறு வருடமாக யாரும் தொட்டதில்லை, மேலே தூசிப்படலம் கலையாமல் இருந்தது.

நம் கரண்டு 50 சைக்கிள், ஒரு சைக்கிள் 20 மில்லி செகண்ட். நாற்பது என்றால் இரண்டு சைக்கிள் முழுதாகக் காணோம். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் 16 மில்லி செகண்ட் அளவு தாக்குப்பிடிக்கும்படி செய்யப்படுவது. சுமை குறைந்தால் அந்த நேரம் நீளும். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் பார்த்தால் இந்த மிஷின் ஆட்டத்தில் 265–285 வாட், டைப்பிங் வேலையில் 90 வாட். 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 280 என்பது பாதிச் சுமை, 30 மில்லி செகண்டுக்குச் சற்று மேல் தாங்கும். நாற்பதுக்குப் போதாது. 90 வாட்டில் அதைப் போல மூன்று மடங்கு தாங்கும், நாற்பதைத் தாண்டிவிடும்.

ஆகவே கேம் ஆடினாதான் போவுது என்று பையன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. கிராபிக்ஸ் கார்டும் ஒழுங்காகத்தான் இருந்தது.

முதல் முடிவு, முதல் சறுக்கல்

செலவில்லாத வழியை முதலில் பார்ப்பது என்று, இன்வெர்ட்டரை யூபிஎஸ் நிலைக்கு மாற்றினார் டெக்னீஷியன். காரணம் சரி: மாறும் நேரம் குறையும், குறைந்த வோல்டேஜ் கம்ப்யூட்டரைத் தொடாது. அன்று மாலை கம்ப்யூட்டர் ஒரு முறையும் அணையவில்லை.

ஆனால் 9.40க்கு வீடே அணைந்தது. லைனில் 172 வோல்ட் என்பதால், 180க்குக் கீழ் போனதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விட்டது. ஏழு மணி முதல் கம்ப்யூட்டர், நாலு ஃபேன், லைட் எல்லாம் பேட்டரியில். கரண்டு 'இருக்கும்போதே' பேட்டரி தீர்ந்தது, தீரும்வரை சார்ஜும் ஏறவில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம். அம்மாவின் கருத்து சுருக்கமானது: "இதுக்கு கம்ப்யூட்டரு நின்னதே தேவலாம்பா." மறுநாள் காலை சுவிட்ச் நார்மலுக்குத் திரும்பியது.

மாலை வோல்டேஜ் 180க்குக் கீழே போகிறது என்று அளந்து தெரிந்திருந்தும், அதை இன்வெர்ட்டரின் எல்லையோடு சேர்த்துப் பார்க்காமல் சுவிட்சைத் தள்ளியது கவனக்குறைவு. பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டரும் மட்டத்துக்குக் கீழே இருந்தது. அதையும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

மின்வாரியம், யூபிஎஸ், பழைய எஸ்எம்பிஎஸ்

குறைந்த வோல்டேஜ் சொந்த வீட்டுக் கோளாறா, தெருக் கோளாறா என்று பிரிப்பது அடுத்த வேலை. இரவு 8 மணிக்கே மூன்று வீட்டில் அளந்தார்கள். இந்த வீட்டில் 172, இடப்பக்க வீட்டில் 174, எதிர் வீட்டில் 221. தன் வீட்டில் மட்டும் குறைந்திருந்தால் சர்வீஸ் வயர் கம்பத்தில் சேரும் ஜாயின்ட், மீட்டர் டெர்மினல், மெயின் கட்-அவுட் என்று தேட வேண்டும். எல்லா வீட்டிலும் குறைந்தால் டிரான்ஸ்பார்மர் தூரம் அல்லது சுமை. சில வீட்டில் மட்டும் குறைந்து எதிர் வீட்டில் சரியாக இருந்தால், தெருவுக்கு வரும் மூன்று மின்கம்பிகளில் ஒன்றில், அதாவது ஒரு பேஸில் மட்டும் பாரம் கூடிவிட்டது.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் புகார் பதிந்தார்கள். வெறுமனே லோ வோல்டேஜ் என்று சொல்லாமல் மின் இணைப்பு எண், அளந்த நேரம், மூன்று வீட்டு அளவும் சேர்த்துச் சொன்னார்கள். அளவோடு சொன்ன புகாருக்கு வந்து பார்ப்பவரும் மாலை நேரத்தில் வருகிறார். வந்த வயர்மேன் மீட்டருக்கு முன்னால் அளந்து உறுதி செய்தபின், இந்த வீட்டையும் இன்னொரு இணைப்பையும் கம்பத்தில் வேறு பேஸுக்கு மாற்றினார்கள். அதன்பின் இரவு 8 மணி அளவு 206 முதல் 212. (கம்பத்திலும் மீட்டருக்கு முன்னாலும் கை வைப்பது மின்வாரிய ஊழியர் மட்டுமே. வீட்டுக்காரர் அளப்பது வீட்டு பிளக்கோடு நிற்க வேண்டும்.)

கம்ப்யூட்டருக்கு 5,400 ரூபாயில் 1 கேவிஏ லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் (வோல்டேஜ் குறைந்தால் தானே கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கும் வகை). 600 விஏ போதும் என்றுதான் வீட்டில் கேட்டார்கள். அதில் கிடைப்பது சுமார் 360 வாட். ஆட்டத்தின் 285 வாட்டோடு மானிட்டர் 25 வாட் சேர்த்தால் கணக்குக்கு அடங்கும், ஆனால் பேட்டரியில் சதுர அலை கொடுக்கும் யூபிஎஸ்ஸோடு ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் சேரும்போது ஒட்டிய கணக்கு உதைக்கும், மாறும் கணத்தில் அதிகம் இழுத்து யூபிஎஸ் ஓவர்லோடு என்று கத்தி அணைந்துவிடும். பெரிதாக வாங்கியது அதனால்.

கடையிலிருந்து திரும்பிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸே மறுபடி பொருத்தப்பட்டது. அது எப்படித் திரும்பியது என்பது கீழே. பொருத்தியதும் ஆட்டம் ஓடும்போதே யூபிஎஸ்ஸின் சுவர் பிளக் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டார்கள், பத்து முறை. பத்திலும் தாண்டியது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யூபிஎஸ்ஸுக்குப் பணம் கொடுக்கக்கூடாது.

இன்னொன்று: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைனில் யூபிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தபோது, கரண்டு போனதும் யூபிஎஸ் அந்த அலையைக் கரண்டாகவே ஏற்கவில்லை. தன் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்தது. ஆகவே மெயின் போர்டிலிருந்து எர்த்தோடு தனி லைன் இழுத்து யூபிஎஸ்ஸுக்கு விட்டார்கள். ஆட்டத்தில் 11 நிமிடம், அம்மாவின் வேலையில் 38 நிமிடம் தாங்குகிறது. சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறலாமா என்று பேசி, இப்போதைய பேட்டரி ஓயும்போது பார்க்கலாம் என்று விட்டார்கள். அது சரியான சிக்கனம்.

கேட்காத இடத்தில் கிடைத்த கோளாறு

தனி லைன் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் கம்ப்யூட்டர் கேபினட்டின் பின்பக்கத் தகட்டில் டெஸ்டர் வைத்தார். மங்கலாக, ஆனால் நிச்சயமாக எரிந்தது. விரல் நகத்தின் பின்பக்கத்தால் பெயிண்ட் இல்லாத ஸ்குரூ ஓரத்தைத் தடவினால் எறும்பு ஊர்வது போல் ஒரு அதிர்வு. பையனுக்கு அது தெரிந்தேதான் இருந்தது, ஹெட்செட்டில் ஓயாத இரைச்சலும் இருந்தது. இரண்டையும் புகாராக அவன் நினைக்கவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிக்க பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சிறு கண்டன்சர்கள் உண்டு. எர்த் செத்திருந்தால், வடிய வேண்டியது வடியாமல், தகடு லைன் வோல்டேஜின் பாதியில் மிதக்கும். இங்கே மீட்டரில் 104 வோல்ட். பிளக்கில் பேஸ்–நியூட்ரல் 210 காட்டிய நேரத்தில் பேஸ்–எர்த் வெறும் 96. நல்ல எர்த்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

"இதுல எர்த்தே இல்லைங்கம்மா, மூணாவது ஓட்டை சும்மா பேருக்குத்தான்" என்றார்.

குழியைத் தோண்டியதும் தெரிந்தது. ஜிஐ குழாயில் கிளாம்ப் துருவேறி உதிர்ந்திருந்தது. பைப் எர்த்துக்கு 2.5 மீட்டராவது இறக்குவது முறை. மலையடிவாரம் என்பதால் ஒன்றரை மீட்டரில் பாறை முட்டி அதோடு விட்டிருக்கிறார்கள். மண்ணோ மே மாதத்தில் மாவு போல உலர்ந்திருந்தது. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று ஊரைப் பற்றிச் சொல்லும் பழைய சொலவடையில் ஈரமில்லாத எர்த் குழியையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கேயே ஆழம் தேடாமல், பின்பக்கம் துணி துவைக்கும் கல்லை ஒட்டி, தினமும் தண்ணீர் ஊறும் இடத்தில் முழு நீளக் குழாய் இறக்கினார்கள். கரி, உப்பு அடுக்கி, புது கிளாம்ப், 8 கேஜ் ஜிஐ கம்பி. செலவு 3,200 ரூபாய். எர்த் டெஸ்டரில் 4 ஓம் சொச்சம். தகட்டில் அதிர்வு போனது, ஹெட்செட் இரைச்சலும் அதோடு போனது. வாஷிங் மிஷினும் ஃபிரிட்ஜும் இதுவரை அதே செத்த எர்த்தில்தான் இருந்தன என்பதை நினைத்தால், இந்த நிகழ்வில் செலவழித்த பணத்தில் இதுதான் முதலில் செலவாகியிருக்க வேண்டிய பணம்.

கடையோடு கணக்கு

கடை செய்த தப்பு நோயைக் கண்டுபிடிக்காதது அல்ல. வாரண்டியில் இருந்த பாகத்தை எழுத்தில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு, தரம் குறைந்த பாகத்தை விலைக்குப் போட்டதுதான் தப்பு. முதலில் வாயால் கேட்டபோது பழையது கம்பெனிக்குப் போய்விட்டது என்றார்கள்.

அதன்பின் ஒரு பக்கக் கடிதம்: வாங்கிய பில் எண், தேதி, பாகத்தின் மாடல், 2,650 ரூபாய் ஜிபே செய்த ஸ்கிரீன்ஷாட், பதினைந்து நாளில் பழைய பாகத்தைத் திருப்ப வேண்டும் என்ற கோரிக்கை. கோபம் ஒரு வரிகூட இல்லை. நகலில் கடை சீல் வாங்கினார்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போகலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. பதினோராம் நாள் பழைய எஸ்எம்பிஎஸ் திரும்பியது, மாற்றாகப் போட்டதை எடுத்துக்கொண்டு 1,800 ரூபாயும் கொடுத்தார்கள். முழுத்தொகைக்கு நின்றிருக்கலாம். அம்மாவுக்கு அதற்கு மேல் அலைய மனமில்லை.

திரும்பியது அதே எஸ்எம்பிஎஸ்தானா என்று சீரியல் எண்ணை வைத்துப் பார்க்க முடிந்தது, பில்லில் அது எழுதியிருந்ததால். பல பில்லில் இருக்காது. வாங்கிய அன்றே பாகங்களின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைப்பது இரண்டு நிமிட வேலை.

இன்னொரு முறை இப்படி வந்தால்

வரிசை மாற வேண்டும். ஈவென்ட் வியூவரும் நோட்டும் முதல் நாளே. கடைக்கு எடுத்துப்போகும் முன் ஒரே ஒரு மாலை, அதே மிஷினைக் குறைகிற வோல்டேஜ் இல்லாத ஓர் உறவினர் வீட்டில் ஓட்டிப் பார்த்திருந்தால் ஐநூறு ரூபாய் சர்வீஸ் சார்ஜும் ஏழு விளக்க மெயிலும் மிச்சம். எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது வாட் எண்ணை மட்டும் பார்க்காமல் லேபிளில் இன்புட் வரியைப் படிக்க வேண்டும். நம் பக்கத்துக் கோடை மாலைக்கு 200–240 என்ற எஸ்எம்பிஎஸ் ஆகாது. இன்வெர்ட்டர் சுவிட்சைத் தள்ளும் முன் இரவு எட்டு மணி வோல்டேஜ் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடையும் ஒன்றை மாற்றலாம். கம்ப்யூட்டர் விற்கும்போது வீட்டில் என்ன இன்வெர்ட்டர், ஸ்கொயர் வேவா சைன் வேவா, எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டால், யூபிஎஸ்ஸும் அன்றே விற்றிருக்கும்.

பையன் தன் பங்குக்குச் சேவ் ஃபோல்டரை வாரம் ஒரு முறை பென்டிரைவில் நகலெடுக்கப் பழகியிருக்கிறான்.

செப்டம்பர் வரை

ஜூன் இரண்டாம் வாரம் எல்லா வேலையும் முடிந்தது. அதன்பின் விளக்க மெயில் எழுத நேரவில்லை. எர்த் குழிக்கு ஞாயிறுதோறும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவது மழை வந்தபின் நின்றது. இரவு 8 மணி வோல்டேஜ் ஆகஸ்ட் கடைசியில் 214. பதிவேட்டில் 41 இரண்டே முறை: ஒன்று, மேசைக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பம் பட்டு யூபிஎஸ் பட்டன் அமுங்கியது, இன்னொன்று, நாற்பது நிமிடத்துக்கு மேல் கரண்டு போன ஒரு சனிக்கிழமை, யூபிஎஸ் பீப் அடித்துக்கொண்டிருக்க, பையன் இன்னும் ஒரு ரவுண்டு என்று உட்கார்ந்திருந்தது.